ஆட்டோஃபேஜியும் பட்டினியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். சமூக மன்றத்தில் சுகாதாரப் பேச்சு முடிந்ததும், கோயில் அன்னதான வரிசையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்று எங்கே போனாலும் இப்போது ஆட்டோஃபேஜி பற்றிக் கேட்கிறார்கள். "16 மணி நேரம் சாப்பிடாமல் இருங்கள். உடம்பே நோயைத் தின்றுவிடும். இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்" என்கிற செய்தி எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்திருக்கும். அதில் உண்மையான பகுதி அவ்வளவு அருமையானது. அதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பொய்யான பகுதியோ, நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் நம் ஆட்களை ஆபத்தில் தள்ளக்கூடியது. இரண்டையும் பிரித்துச் சொல்லவே இந்தப் பக்கம்.

ஆட்டோஃபேஜி என்றால் என்ன?

செல் தனக்குள் இருக்கும் பழுதான, தேவையில்லாத பாகங்களைத் தானே உடைத்து, அதில் கிடைக்கும் பொருளை மறுபடி பயன்படுத்திக்கொள்வதுதான் ஆட்டோஃபேஜி. தமிழில் தன்னுண்ணல் என்று எழுதுகிறார்கள். நம் புளோக்குக்குக் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் காராங்கூனிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பேப்பர், ஓடாத மின்விசிறி, உடைந்த ரேடியோ எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார். அதில் எதுவும் வீணாகாது. பிரித்து எடுத்து மறுபடி விலைக்குப் போய்விடும்.

செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதலில் கிண்ணம் போல ஒரு மெல்லிய சவ்வு உருவாகிறது. வீணான புரதக் கட்டியையோ செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் பாகமான மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதையோ சுற்றி அது வளர்ந்து, விளிம்புகள் ஒட்டிக்கொண்டு, இரட்டைச் சவ்வுள்ள ஒரு பையாக மூடிக்கொள்கிறது. அந்தப் பையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பிறகு அது லைசோசோம் என்ற இன்னொரு பையோடு போய் இணைகிறது. லைசோசோமுக்குள் அமிலம் இருக்கும், பொருள்களை உடைக்கும் சுமார் 60 வகை என்சைம்கள் இருக்கும். உள்ளே வந்தது எதுவானாலும் அமினோ அமிலமாக, கொழுப்பாக, சர்க்கரையாகக் கரைந்து செல்லுக்கே திரும்பிவிடும்.

இதை மிக அதிகமாக நம்பி இருப்பவை நரம்புச் செல்களும் இதயத் தசைச் செல்களும். தோல் செல் போன்றவை பிரிந்து பிரிந்து குப்பையைப் பங்கு போட்டுக் குறைத்துக்கொள்ளும். மூளையின் பெரும்பாலான நரம்புச் செல்களுக்கு அந்த வசதி இல்லை. பிறக்கும்போது இருந்த செல்லேதான் 80 வயதிலும் வேலை செய்ய வேண்டும். அன்றாடம் கூட்டிப் பெருக்கினால்தான் அதனால் தாக்குப்பிடிக்க முடியும்.

யார் கண்டுபிடித்தார்கள்?

பெல்ஜிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டி டுவே 1950களில் லைசோசோமைக் கண்டுபிடித்தார். ஆட்டோஃபேஜி என்ற பெயரையும் 1963ல் அவரே வைத்தார். 1974ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்த வேலையைச் செய்யும் மரபணுக்கள் எவை என்பது அப்புறம் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கதவைத் திறந்தவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. 1988ல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கியபோது அவர் கையில் எடுத்தது ஈஸ்ட். ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் போடுகிறோமே, அந்த வகைதான். ஈஸ்ட் செல்லில் லைசோசோமின் வேலையைச் செய்வது வேக்குவோல் என்ற அறை. உள்ளே வந்ததை அது உடனே கரைத்துவிடுவதால், ஆட்டோஃபேஜி நடந்ததற்கு அடையாளமே மிஞ்சாது. ஓசுமி கரைக்கும் என்சைம்கள் இல்லாத ஈஸ்டை எடுத்துப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் அந்த அறை முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்து உள்ளேயே துள்ளிக்கொண்டிருந்தன. உள்ளே போனது கரையவில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிந்தது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்ததுதான். 1992ல் இதை வெளியிட்டார். அடுத்து ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளைச் சோதித்து, இந்த வேலைக்கு இன்றியமையாத 15 மரபணுக்களை அடையாளம் கண்டார். அவற்றில் பலவற்றுக்கு மனித உடலிலும் இணை இருக்கிறது.

அப்படியானால் 2016 நோபல் பரிசு விரதத்துக்குக் கொடுத்தது இல்லையா?

இல்லை. ஆட்டோஃபேஜி எப்படி நடக்கிறது என்ற செயல்முறையைக் கண்டுபிடித்ததற்காக ஓசுமிக்குக் கொடுத்தது. எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் எந்த நோய் தீரும் என்று அவர் சொல்லவில்லை, சோதிக்கவும் இல்லை. "நம் முன்னோர்கள் ஏகாதசியில் செய்ததைத்தான் ஜப்பானியர் நிரூபித்தார்" என்று சேர்த்து எழுதுவது அவருக்கும் நியாயமில்லை, ஏகாதசிக்கும் நியாயமில்லை. விரதம் இருப்பவர் பக்தியால் இருக்கிறார். நோபல் பரிசு வந்துதான் அதற்கு மரியாதை சேர வேண்டும் என்பது இல்லை.

எப்போது நடக்கிறது? பசித்தால் மட்டுமா?

எப்போதும் நடக்கிறது. இதைப் படிக்கும்போதும், வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டபிறகும் உங்கள் செல்களில் ஓரளவு நடந்துகொண்டே இருக்கும். வேகம்தான் கூடிக் குறையும். அமினோ அமிலமும் இன்சுலினும் நிறைய இருந்தால் எம்டார் என்ற புரதத் தொகுப்பு விழிப்போடு இருந்து ஆட்டோஃபேஜியை அடக்கி வைக்கும். சக்தி குறைந்தால் ஏஎம்பிகே என்ற என்சைம் விழித்துக்கொண்டு எம்டாரை அடக்கி, ஆட்டோஃபேஜியைத் தூண்டிவிடும்.

இது எவ்வளவு அடிப்படையானது என்று காட்டும் ஓர் ஆய்வு 2004ல் ஜப்பானில் நடந்தது. குட்டி பிறந்தவுடன் தொப்புள்கொடி வழியாக வந்த உணவு நின்றுவிடும், பால் இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில் எலிக்குட்டியின் இதயம் முதலான உறுப்புகளில் ஆட்டோஃபேஜி சட்டென்று ஏறுகிறது. தன் புரதத்தையே உடைத்துக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டோஃபேஜி மரபணு ஒன்று இல்லாமல் பிறந்த குட்டிகள் பார்க்க ஏறக்குறைய மற்றக் குட்டிகளைப் போலவே இருந்தும் ஒரே நாளில் இறந்துபோயின.

எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் தொடங்கும்? 16ஆ, 24ஆ, 48ஆ?

மனிதருக்கு இப்படி ஒரு மணிக்கணக்கை எந்த ஆய்வும் நிறுவவில்லை. இணையத்தில் சுற்றும் "12 மணியில் கொழுப்பு எரியும், 16 மணியில் ஆட்டோஃபேஜி, 24 மணியில் புது செல்" என்ற அட்டவணைகளுக்குப் பின்னால் மனித உடலில் அளந்த தரவு இல்லை. பெரும்பாலான சான்று எலியில் இருந்து வருகிறது. எலியின் உடல் நம்மைவிடப் பல மடங்கு வேகமாகச் சக்தியை எரிக்கிறது. ஒரு நாள் சாப்பாடு இல்லாவிட்டால் சின்ன எலியின் எடையே கண்கூடாகக் குறைந்துவிடும். அதற்கு ஒரு நாள் பட்டினி என்பது நமக்குப் பல நாள் பட்டினிக்குச் சமம். அந்தக் கணக்கை அப்படியே நம் தலையில் கட்டக்கூடாது. உறுப்புக்கு உறுப்பும் வேறுபடும். ஈரலில் சீக்கிரம் ஏறுகிறது என்பதால் மூளையிலும் அப்படியே ஏறும் என்று சொல்ல முடியாது.

எடையைக் குறைக்க நேரக் கட்டுப்பாடு உதவுமா என்பது தனிக் கேள்வி. சீனாவின் குவாங்சோவில் உடல்பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து 2022ல் வெளியிட்டார்கள். இரு பிரிவினரும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் சாப்பிட்டு முடித்தார்கள். எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அளவாகச் சாப்பிடக் கடிகாரம் உங்களுக்குக் கைகொடுக்கிறதென்றால் சரி, தாராளமாகச் செய்யுங்கள்.

என் உடம்பில் நடக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாமா?

பலதுறை மருந்தகத்திலோ தனியார் மருந்தகத்திலோ அப்படி வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லை. கீட்டோன் மீட்டர் காட்டுவது, கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோனை மட்டும்தான்.

ஆய்வாளர்களுக்கே இது சிக்கலான அளவீடு. செல்லில் நிறைய பைகள் தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: வேலை மும்முரமாக நடக்கலாம், அல்லது கடைசிக் கட்டம் அடைபட்டுக் கரையாமல் தேங்கிக் கிடக்கலாம். நேரெதிரான இரு நிலைமைக்கும் ஒரே தோற்றம். எத்தனை பை இருக்கிறது என்பதைவிட, தொடக்கம் முதல் கடைசி வரை எவ்வளவு ஓடி முடிகிறது என்பதே முக்கியம். "ஆட்டோஃபேஜி கூடியது" என்று எந்தச் செய்தியைப் படித்தாலும் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.

எனக்கு நீரிழிவு இருக்கிறது. சஷ்டி விரதமோ நோன்போ இருந்தால் ஆட்டோஃபேஜியால் சர்க்கரை குணமாகுமா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம். இதைப் படிக்கும் குடும்பங்களில் ஒருவருக்காவது இருக்கும்.

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களுக்கு ஆட்டோஃபேஜி தேவை என்பது உண்மை. அந்தச் செல்களில் மட்டும் ஆட்டோஃபேஜியை நிறுத்திய எலிகளுக்கு இன்சுலின் சுரப்பு குறைந்து சர்க்கரை ஏறியதை 2008ல் காட்டினார்கள். ஆனால் "பட்டினியால் ஆட்டோஃபேஜியைத் தூண்டி மனிதரின் நீரிழிவைக் குணப்படுத்தலாம்" என்பது அதிலிருந்து வெகுதூரம் தாண்டிய பேச்சு. எடை குறைந்தால் சர்க்கரை கட்டுக்குள் வரும், சிலருக்கு மாத்திரையே தேவைப்படாத நிலைகூட வரலாம். அதற்கு ஈரலிலும் கணையத்திலும் கொழுப்பு குறைவதே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இப்போது மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். கிளிப்பிசைட், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் என்று எழுதியிருக்கிறதா? இவை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். பட்டினியோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் வரும். இன்சுலின் ஊசிக்கும் இதே ஆபத்து உண்டு. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால் ஆபத்து வேறு மாதிரி: நீண்ட பட்டினியில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம், அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக உயராமலே. மீட்டரில் எண் நன்றாக இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுவார்கள். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை ஆபத்து குறைவு.

இதற்காக விரதத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளும் நல்ல வழக்கம் நம் முஸ்லிம் சகோதரர்களில் பலரிடம் உண்டு. இங்கே நோன்பு நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் பதின்மூன்றரை மணி நேரம். அதனால் திட்டமிடுவதும் சுலபம். கந்த சஷ்டிக்கும், தைப்பூசத்துக்கு முந்திய விரதத்துக்கும் நாமும் அதையே செய்யலாம். சில வாரம் முன்னதாகப் போய், "ஆறு நாள் பாலும் பழமும்தான் சாப்பிடப்போகிறேன், எந்த மாத்திரையை என்ன செய்வது?" என்று நேராகக் கேளுங்கள். இடையில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் விரதத்தை உடனே முடித்துக்கொள்ளுங்கள். விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் விரதம் கெடாது.

பார்க்கின்சன், அல்சைமர் நோய்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஆட்டோஃபேஜி ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும், மனத்தை மிகவும் கனக்க வைக்கும் பகுதியும் இதுதான்.

நரம்புச் செல்களில் மட்டும் ஆட்டோஃபேஜியை நிறுத்திய எலிகளைப் பற்றி 2006ல் இரு ஜப்பானியக் குழுக்கள் எழுதின. வேறு எந்த நோயும் தரப்படவில்லை. ஆனாலும் நரம்புச் செல்களுக்குள் புரதக் கட்டிகள் சேர்ந்தன, நடை தள்ளாடியது, செல்கள் செத்தன. சுத்தம் செய்வது நின்றாலே போதும், மூளை கெடத் தொடங்கும் என்று அது காட்டியது.

பார்க்கின்சனில் இன்னும் துல்லியமான படம் உண்டு. மைட்டோகாண்ட்ரியா பழுதானால் பிங்க்1 என்ற புரதம் அதன் மேல் சேரும். அது பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தை அழைக்கும். பார்க்கின் வந்து "இதை எடுத்துப்போ" என்று அடையாளம் குத்தும். அதன்பிறகு ஆட்டோஃபேஜிப் பை வந்து மூடிக்கொள்ளும். இந்த இரு மரபணுக்களில் ஒன்றின் இரு பிரதியும் பழுதாக இருந்தால் இளவயதிலேயே பார்க்கின்சன் வரலாம். ஜிபிஏ1 என்ற மரபணு லைசோசோமின் ஒரு என்சைமைத் தருவது. அதில் பழுதிருந்தாலும் பார்க்கின்சன் அபாயம் கூடும். ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு இப்படி ஒரே மரபணுவைக் கைகாட்ட முடியாது.

அல்சைமரில் சேதமடைந்த நரம்பிழைகளுக்குள் கரையாத பைகள் குவிந்து கிடப்பதைக் காணலாம். அதாவது பை உருவாவது நிற்கவில்லை, கரைப்பதில்தான் தடை. இந்த நிலையில் பட்டினி கிடந்து இன்னும் நிறைய பைகளை உருவாக்குவது உதவும் என்று எப்படிச் சொல்வது? மறதி நோய் உள்ள பெற்றோரைச் சாப்பிடாமல் வைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர்களுக்கு எடை குறைவதே பெரிய கவலை. அம்மாவுக்குப் பசி இருக்கும்போது, பிடித்ததைக் கொடுங்கள்.

புற்றுநோயைத் தின்றுவிடுமா?

புற்றுநோய் வராமல் தடுப்பதில் ஆட்டோஃபேஜிக்குப் பங்கு உண்டு. பழுதான பாகங்கள் தேங்காமல் பார்த்துக்கொள்வதால் மரபணுச் சேதம் குறைகிறது. ஆனால் கட்டி வளர்ந்துவிட்டால் கதை மாறுகிறது. ரத்த ஓட்டம் போதாத கட்டியின் நடுப்பகுதியில் இருக்கும் புற்றுச் செல்கள் அதே ஆட்டோஃபேஜியை வைத்துத்தான் பசியைத் தாங்குகின்றன, சிகிச்சையின் அடியையும் தாங்குகின்றன. அதனால்தான் ஆட்டோஃபேஜியைத் தடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்து ஆய்வு செய்துவருகிறார்கள். கீமோ எடுக்கும் ஒருவரைப் பட்டினி போடச் சொல்லும் காணொளியை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். சிகிச்சையின்போது எடையும் தசையும் கரையாமல் இருப்பது மிக முக்கியம். எதுவானாலும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கொழுப்பு ஈரலுக்குக் காப்பி நல்லது என்கிறார்களே?

இதில் சிங்கப்பூருக்கே ஒரு பங்கு இருக்கிறது. ஈரல் செல்கள் கொழுப்புத் துளிகளையும் ஆட்டோஃபேஜி மூலம் கரைக்கின்றன என்பது 2009ல் தெரியவந்தது. அதைத் தொடர்ந்து இங்குள்ள டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியில் பால் யென் குழுவினர், கஃபீன் எலிகளின் ஈரலில் இந்த வேலையைத் தூண்டிக் கொழுப்பைக் குறைப்பதைக் காட்டினார்கள். அதே குழுவினர் பின்னர், பையும் லைசோசோமும் இணையத் தேவையான சின்டாக்சின் 17 என்ற புரதத்தை, உடலில் உருவாகும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கெடுக்கிறது என்றும், பி12 வைட்டமினும் ஃபோலேட்டும் எலிகளில் அந்தக் கெடுதலைக் குறைத்தன என்றும் 2022ல் வெளியிட்டார்கள். பல ஆண்டு சைவமாக இருப்பவர்களுக்கும், நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. ஈரல் எப்படி இருந்தாலும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காப்பிக்கு வருவோம். எலிக்குக் கொடுத்தது கஃபீன். உணவங்காடியில் நாம் குடிப்பது சுண்டிய பாலும் சீனியும் சேர்ந்த கோப்பி. பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் சொல்லுங்கள். கசப்பு முதல் சில நாள்தான்.

டெங்கி வந்தால் ஆட்டோஃபேஜி காப்பாற்றுமா?

கிருமிக்குக் கிருமி மாறுபடும். காசநோய்க் கிருமி நம் நோயெதிர்ப்புச் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழும். ஆட்டோஃபேஜியைத் தூண்டினால் அந்த ஒளிவிடமும் லைசோசோமோடு இணைந்து கிருமி குறைவதைச் செல் ஆய்வுகள் காட்டின. டெங்கிக் கிருமியோ கெட்டிக்காரத்தனமானது. செல்லின் ஆட்டோஃபேஜியைத் தானே தூண்டிவிட்டு, கொழுப்புத் துளியைக் கரைக்கவைத்து, அந்தச் சக்தியில் பெருகுகிறது. இது 2010ல் வெளிவந்த ஆய்வு. 2020ல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்த ஊர் இது. காய்ச்சல் வந்தால் பட்டினி வேண்டாம், நிறைய நீராகாரம் குடியுங்கள்.

பட்டினி இல்லாமல் ஆட்டோஃபேஜியைக் கூட்ட வழி உண்டா?

உடற்பயிற்சி. 2012ல் அமெரிக்க ஆய்வாளர் பெத் லெவைன் குழுவினர் எலிகளை ஓடவைத்து, தசையிலும் இதயத்திலும் ஆட்டோஃபேஜி கூடியதைக் காட்டினார்கள். பயிற்சியால் அது கூடாதபடி மாற்றப்பட்ட எலிகளுக்கு, எவ்வளவு ஓடினாலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் அதே பலன் கிடைக்கவில்லை. மனிதருக்கு இந்தக் கணக்கு எப்படியிருந்தாலும் நடைப்பயிற்சியின் நன்மைக்குத் தனியாகவே ஏராளமான சான்று இருக்கிறது. தயங்காமல் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஸ்பெர்மிடின், ராபாமைசின் மாத்திரைகள் வாங்கலாமா?

ஸ்பெர்மிடின் சோயா, காளான், கோதுமை முளை இவற்றில் இயற்கையாகவே இருக்கிறது. பூச்சிகளிலும் எலிகளிலும் நல்ல பலன் காட்டியது. பெர்லினில் மறதி பற்றிக் கவலைப்பட்ட முதியவர்கள் 100 பேருக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வில் நினைவாற்றல் மேம்படவில்லை. இங்கே இந்த மாதிரி ஊட்டப்பொருள்களை விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையம் சோதித்து அங்கீகரிப்பது கிடையாது. கடை அலமாரியில் இருக்கிறது என்பதாலேயே பலன் உறுதி என்று நினைக்க வேண்டாம். அந்தக் காசுக்கு தவுவும் தெம்பேயும் வாங்குங்கள்.

ராபாமைசின் வேறு ரகம். ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த மருந்து, எம்டாரை அடக்குவது. 2009ல் வயதான எலிகளின் ஆயுளையே நீட்டியது. ஆனால் அது உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கான மருந்து. நோயெதிர்ப்பைக் குறைக்கும், வாய்ப்புண் வரும், கொழுப்பும் சர்க்கரையும் ஏறலாம். இளமைக்காக இணையத்தில் வரவழைத்துச் சாப்பிடாதீர்கள்.

யார் கண்டிப்பாகப் பட்டினி இருக்கக்கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், உணவுக் கோளாறு இருந்தவர்கள், ஏற்கெனவே மெலிந்த முதியவர்கள். முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: அவர்களுக்குத் தசை போனால் திரும்ப வருவது கடினம், தசை போனால் விழுவார்கள். காலை உணவைத் தவிர்க்கும் தாத்தாவுக்கு இரண்டு அரைவேக்காட்டு முட்டை, வேண்டாம் என்றால் ஒரு கிண்ணம் பருப்பு. பதின்ம வயது மகள் "ஆட்டோஃபேஜிக்காக" இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால், அறிவியலை விவாதிப்பதற்கு முன் அவள் தன் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளி ஆலோசகரிடமும் பேசலாம்.